ஐந்து மாத லாப்ரடார் குட்டியோடு எப்படி விளையாடுவது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிக்கொள்கிறேன். திருச்சியில் இரண்டாவது மாடி வீடு. ஐந்து மாத ஆண் லாப்ரடார் குட்டி. விளையாட ஆரம்பித்தால் கை, கால், துப்பட்டா எதையும் விட்டுவைப்பதில்லை. எட்டு வயது மகனின் முழங்கையில் பல் பட்டுக் கீறியிருக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல் பேய் பிடித்ததுபோல வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. களைத்துப் படுக்கட்டும் என்று மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் அரை மணி நேரம் பந்து வீசுகிறீர்கள்; கீழே வந்ததும் முன்பைவிட அதிகமாகக் கடிக்கிறது. கயிறு இழுக்கும் விளையாட்டு நாயை முரடாக்கிவிடும் என்று மாமனார் தடுக்கிறார். தெருநாய்களோடு விளையாட விடலாமா என்பது கடைசிக் கேள்வி.

முதலில் மகனின் கீறல், மற்றவை காத்திருக்கலாம். வீட்டு நாய்தானே, ஊசி போட்ட நாய்தானே, விளையாட்டாகப் பட்ட பல்தானே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். தோலில் கீறல் விழுந்திருந்தால் சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரிடம் காட்டவேண்டும். மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு எதையும் அப்ப வேண்டாம். மகனுக்கு ரேபிஸ் தடுப்பூசி தேவையா இல்லையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே போடுகிறார்கள். இதுவரை காட்டவில்லை என்றால் இந்தப் பதிலை அப்படியே வைத்துவிட்டு இன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். குட்டிக்கு மூன்று மாதத்தில் போடவேண்டிய ரேபிஸ் ஊசியும் அதற்கடுத்த பூஸ்டரும் போட்டாயிற்றா என்று தடுப்பூசிப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள்.

இனி விளையாட்டு. நீங்கள் சொன்னவற்றில் அந்த வயதுக் குட்டியிடம் இருக்கக்கூடாதது எதுவும் இல்லை. தவறு இருப்பது ஒரு கணக்கில்: நன்றாக ஓடவிட்டால் அடங்கிவிடும் என்ற கணக்கில். நாய் வளர்க்கும் பல வீடுகள் இந்தக் கணக்கோடுதான் இருக்கின்றன. இன்று அரை மணி நேரம் ஓடிக் களைக்கும் குட்டிக்கு அடுத்த மாதம் அரை மணி நேரம் போதாது. அதன் தாக்குப்பிடிக்கும் சக்தியைத்தான் நீங்கள் வளர்த்துவிடுகிறீர்கள். உற்சாகத்தின் உச்சிக்குப் போன பிறகும் ஒரு சொல்லுக்கு நின்று, மூச்சை அடக்கி, உங்கள் முகத்தைப் பார்க்கத் தெரிந்த நாயோடு எந்த விளையாட்டையும் பயமில்லாமல் விளையாடலாம். அது தெரியாத நாய்க்குப் பந்தும் ஆபத்து, கயிறும் ஆபத்து, குழந்தையும் ஆபத்து. ஆகவே விளையாட்டின் நடுவே நிற்பதைத்தான் நீங்கள் பழக்கவேண்டும்.

கடிப்பதற்கு வருகிறேன். நாய்க்குட்டிக்குப் பால்பற்கள் 28. நான்காவது மாதவாக்கில் அவை விழ ஆரம்பித்து, ஏழு மாதத்துக்குள் 42 நிலைப்பற்கள் முளைத்துவிடும். உங்கள் குட்டி இப்போது சரியாக இதன் நடுவில் நிற்கிறது. ஈறு நமைக்கிறது, எதையாவது கடித்தால்தான் சுகம். ஃபிரிட்ஜில் வைத்துக் குளிர்ந்த முழு கேரட், நனைத்து முறுக்கி ஃபிரீசரில் வைத்த பழைய துண்டு இரண்டும் நன்றாகவே உதவும். துண்டு கிழிந்து நூல் தொங்க ஆரம்பித்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். விழுங்கிய நூல் குடலைச் சுருட்டி இழுத்துவிடும். அது அறுவைச் சிகிச்சையில் போய் நிற்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டிகள் கூடப்பிறந்த குட்டிகளிடமிருந்துதான் கற்றுக்கொள்கின்றன. ஒன்று அழுத்திக் கடித்தால் மற்றது வீலென்று கத்திவிட்டு விளையாட்டை விட்டுப் போய்விடும். விளையாட்டு போய்விட்டதே என்ற ஏமாற்றம்தான் பாடம். நம் ஊரில் முப்பது, முப்பத்தைந்து நாளிலேயே குட்டியைப் பிரித்து விற்றுவிடுகிறார்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் சொல்கின்றன; யார் கேட்கிறார்கள்? அப்படிப் பிரிந்து வந்த குட்டி அந்தப் பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும். மீதியை நீங்கள் சொல்லித்தரவேண்டும், அதே முறையில்.

பல் தோலில் பட்டதா, கையை உதறாதீர்கள். உதறினால் கை இரையாகிவிடுகிறது. கையைத் தளரவிட்டு, விளையாட்டை நிறுத்தி, எழுந்து, முதுகைக் காட்டித் திரும்பி நில்லுங்கள். பேச்சும் வேண்டாம், திட்டும் வேண்டாம். பத்துப் பதினைந்து விநாடி போதும். பிறகு கயிற்றையோ பொம்மையையோ எடுத்துக்கொண்டு மறுபடி தொடங்குங்கள். மூன்றாவது முறையும் கடித்தால் அன்றைக்கு அந்த விளையாட்டு முடிந்தது. வீட்டில் எல்லோரும் இதையே செய்யவேண்டும் என்பதுதான் கடினமான பகுதி. நீங்கள் திரும்பி நிற்கும்போது வீட்டில் வேறொருவர் கையை நீட்டி 'கடி பார்க்கலாம்' என்று சீண்டிக்கொண்டிருந்தால் ஒரு வருடமானாலும் குட்டி கற்காது. வலிப்பதுபோலக் கத்தச் சொல்லிச் சிலர் ஆலோசனை தருவார்கள். சில குட்டிகள் அதைக் கேட்டு அடங்கும். லாப்ரடார் போன்ற துடியான குட்டிகள் பலவற்றுக்கு அது இன்னும் குஷியைத்தான் கொடுக்கிறது. மூக்கில் தட்டுவது, வாயை இறுக்கிப் பிடிப்பது இரண்டையும் அடியோடு விட்டுவிடுங்கள். அதனால் குட்டி கையைக் கண்டு பயப்படத்தான் கற்றுக்கொள்ளும். அந்தப் பயம் வளர்ந்த நாயிடம் முன்னெச்சரிக்கை இல்லாத கடியாக வெளிப்படலாம்.

மகனுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. கத்திக்கொண்டு ஓடும் குழந்தையைவிடச் சிறந்த பொம்மை நாய்க்குட்டிக்கு வேறு கிடையாது. குட்டி மேலே பாய்ந்தால் ஓடக்கூடாது, மரமாக நிற்கவேண்டும். கைகளை மார்போடு மடக்கி, தன் பாதத்தைப் பார்த்தபடி அசையாமல் நிற்கவேண்டும். குட்டி இல்லாதபோது இதை இரண்டு மூன்று நாள் விளையாட்டாகப் பழக்குங்கள், பிள்ளைகளுக்குப் பிடித்துப்போகும். தூங்கும் நாயை எழுப்பக்கூடாது, தின்னும் நாயைத் தொடக்கூடாது, மேலே ஏறி உட்காரக்கூடாது, கட்டிப்பிடித்து முகத்தோடு முகம் வைக்கக்கூடாது. கட்டிப்பிடிப்பதை நாம் பாசம் என்கிறோம். நாய்க்கு அது மாட்டிக்கொண்ட உணர்வு. இருவரும் விளையாடும்போது பெரியவர் ஒருவர் அதே அறையில், போனைப் பார்க்காமல், இருக்கவேண்டும்.

மாலை ஆறு மணிப் பைத்தியத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வாலை ஒடுக்கி, முதுகை வளைத்து, கண்மண் தெரியாமல் நாலு சுற்று ஓடுவது ஆரோக்கியமான குட்டிகள் எல்லாம் செய்வதுதான். தினமும், அதுவும் கடியோடு சேர்ந்து வந்தால் மட்டும் தூக்கத்தைக் கணக்குப் பாருங்கள். இந்த வயதில் ஒரு நாளைக்குப் பதினெட்டு மணி நேரம்வரை தூங்கவேண்டும். காலையில் குக்கர் சத்தம், மதியம் கூரியர்க்காரரின் அழைப்பு மணி, நாலு மணிக்குப் பள்ளியிலிருந்து வரும் பையன், பிறகு டிவி. குட்டி எப்போது தூங்குவது? கல்யாண வீட்டில் தூக்கம் கெட்ட குழந்தை ராத்திரியில் போடும் ஆட்டத்தைப் பார்த்திருப்பீர்கள், இதுவும் அதுதான். அந்த நேரத்தில் மாடிக்குக் கொண்டுபோய்ப் பந்து வீசுவது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றும் வேலை. மதியம் இரண்டிலிருந்து நாலுவரை ஆள் நடமாட்டமில்லாத மூலையில், கடிக்க ஒரு பொருளைக் கொடுத்துப் படுக்கவையுங்கள். மாலை ஆட்டம் பெரும்பாலும் பாதியாகக் குறைந்துவிடும்.

மொட்டைமாடிப் பந்து வீச்சைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கடுமையாகவே சொல்லத் தோன்றுகிறது. ஐந்து மாதத்தில் எலும்பின் முனைகளில் அது நீள உதவும் குருத்தெலும்புப் பகுதிகளான வளர்ச்சித் தட்டுகள் இன்னும் எலும்பாகி மூடவில்லை. லாப்ரடார் அளவு நாய்க்கு அவை மூடி முடிய ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். இடுப்பு மூட்டுக் கோளாறும் முழங்கை மூட்டுக் கோளாறும் இந்த இனத்தில் பரம்பரையாகவே அதிகம். சிமென்ட் தரையில் முழு வேகத்தில் ஓடி, பந்துக்காகச் சட்டென்று பிரேக் போட்டு, உடலை முறுக்கித் திரும்புவதை ஐம்பது தடவை செய்யவைப்பது அந்த மூட்டுகளுக்கு நல்லதல்ல. நார்வேயில் லாப்ரடார் உட்பட நான்கு பெரிய இன நாய்களைக் குட்டியிலிருந்து தொடர்ந்து கவனித்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று மாதத்துக்குள் தினமும் படிக்கட்டு ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. மென்மையான, மேடுபள்ளமான மண்ணில் தன் போக்கில் ஓடியாடிய குட்டிகளுக்கு அது குறைவாக இருந்தது. உங்கள் குட்டி அந்த மூன்று மாதக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. ஆனாலும் மாடிப்படிகளில் அவசரமில்லாமல், கயிற்றில் பிடித்தபடி இறக்குங்கள். வாரத்தில் சில நாளாவது மண்தரை கிடைக்கும் இடத்துக்குக் கூட்டிப்போங்கள். வீட்டுக்குள் டைல்ஸ் தரை இன்னொரு எதிரி. விளையாடும் இடத்தில் தேங்காய்நார் மிதியடியோ சாக்கோ விரித்துவிட்டால் கால் வழுக்காது.

மொட்டைமாடியில் வேறு ஆபத்துகளும் உண்டு. கைப்பிடிச் சுவரில் வந்து உட்காரும் புறாவைத் துரத்தி, சுவரைத் தாண்டி விழும் நாய்கள் எங்கள் சிகிச்சை மேசைக்கு வருவது அபூர்வமான சங்கதி அல்ல. மாடியில் எப்போதும் நீளமான கயிறு மாட்டியே வைத்திருங்கள்.

அடுத்தது வெயில். திருச்சி வெயிலை உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. நாய்க்கு வியர்வை பாதத்தில் மட்டும்தான்; உடம்புச் சூட்டை மூச்சிரைத்துத்தான் வெளியேற்றியாகவேண்டும். அதன் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். விளையாட்டு மும்முரத்தில் 105, 106 என்று ஏறிவிட்டால் உயிருக்கே ஆபத்து. நாய் தானாக நிறுத்தும் என்று நம்பாதீர்கள். பந்துக்குப் பழகிய லாப்ரடார் விழும்வரை ஓடும். புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதத்துக்கும் முடியாது. நாலு மணிக்கு வெயில் தணிந்ததுபோலத் தெரிந்தாலும் சிமென்ட் தளம் சூட்டைக் கக்கிக்கொண்டுதான் இருக்கும். மார்ச் முதல் ஜூன்வரை காலை ஏழு மணிக்கு முன்பும் இரவு எட்டு மணிக்குப் பின்பும் மட்டும் வெளியே விளையாடுங்கள். நாக்கு அகன்று தொங்குவது, ஈறு கடுஞ்சிவப்பாவது, தள்ளாடுவது, வாந்தி எடுப்பது இவையெல்லாம் வெப்பவாதத்தின் (ஹீட் ஸ்ட்ரோக்) அறிகுறிகள். உடனே நிழலுக்குக் கொண்டுவந்து, உடம்பு முழுவதும் குழாய்த் தண்ணீரை ஊற்றி, மின்விசிறிக் காற்றில் வைத்து, ஊற்றியபடியே மருத்துவமனைக்குப் புறப்படவேண்டும். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விட்டுவிடுவது தவறு; அது சூட்டை உள்ளேயே அடைத்துவைக்கும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய் வைத்திருப்பவர்கள் இதைவிட இரண்டு மடங்கு எச்சரிக்கையாக இருக்கவேண்டும்.

பந்தை விட்டால் வேறென்ன விளையாடுவது? மூக்கு விளையாட்டு. நம் வீடுகளில் இதை யாரும் விளையாட்டாகவே கருதுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் குறை. காலை உணவைக் கிண்ணத்தில் போடாமல் அந்தத் தேங்காய்நார் மிதியடியில் தூவிவிடுங்கள். குட்டி ஒவ்வொன்றாக மோந்து தேடித் தின்னட்டும். பழைய துண்டில் உணவைச் சுருட்டி முடிச்சுப் போட்டுக் கொடுக்கலாம். மூன்று தம்ளரைக் கவிழ்த்து ஒன்றின் அடியில் ஒரு துண்டு அவித்த கோழிக்கறியை ஒளித்துவைக்கலாம். எல்லாவற்றிலும் சிறந்தது கண்ணாமூச்சி. ஒருவர் குட்டியைப் பிடித்துக்கொள்ள, மகன் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பெயரைச் சொல்லிக் கூப்பிடட்டும். கண்டுபிடித்ததும் ஒரு தீனி. கூப்பிட்டால் ஓடிவரும் பழக்கம் இதிலேயே வந்துவிடும். மகனும் குட்டியும் கடியில்லாமல் விளையாட இதைவிட நல்ல ஆட்டம் எனக்குத் தெரியாது. சார்லட் டுரண்டான், அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று: இரண்டு வாரம் மோப்பப் பயிற்சி பெற்ற வீட்டு நாய்கள், புதிதாக ஒன்றைக் கண்டால் நல்லதே கிடைக்கும் என்று எதிர்பார்த்து அணுகுவது கூடியிருந்தது. காலோடு ஒட்டி நடக்க மட்டும் பயிற்சி பெற்ற நாய்களிடம் அந்த மாற்றம் இல்லை. பத்து நிமிடம் மோந்து தேடிய குட்டி தானாகப் போய்ப் படுத்துக்கொள்வதை நீங்களே பார்ப்பீர்கள்.

இப்போது மாமனாரின் கயிறு. பெரியவர் சொல்வதில் பாதி உண்மை. அடங்கத் தெரியாத நாயோடு கயிறு இழுத்தால் கை புண்ணாகும். ஆனால் கயிற்றில் ஜெயிக்கவிட்டால் நாய் தலைக்கு மேல் ஏறிவிடும் என்பது சரியல்ல. இங்கிலாந்தில் நிக்கோலா ரூனி, ஜான் பிராட்ஷா இருவரும் 14 கோல்டன் ரெட்ரீவர் நாய்களைக் கயிறு இழுக்கவைத்து, சில முறை ஜெயிக்கவிட்டும் சில முறை தோற்கவைத்தும் பார்த்து, 2002இல் முடிவை வெளியிட்டார்கள். வென்றதால் எந்த நாயும் மனிதரை அடக்கி ஆளப் பார்க்கவில்லை. நான் கயிறு விளையாட்டை ஆதரிக்கக் காரணம் வேறு. நிறுத்தப் பழக்க இதைவிடச் சிறந்த கருவி கிடையாது.

'பிடி' என்று சொன்ன பிறகுதான் பிடிக்கவேண்டும். பத்து விநாடி இழுங்கள். பிறகு கயிற்றை உங்கள் தொடையோடு அணைத்து, அசையாமல் நின்று, 'விடு' என்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள். அசையாத கயிற்றில் ருசி இல்லை; சற்று நேரத்தில் விட்டுவிடும். விடாவிட்டால் மூக்கருகே ஒரு தீனியைக் காட்டுங்கள். வாய் திறந்த கணத்திலேயே பாராட்டி, உடனே மறுபடி 'பிடி'. விட்டால் ஆட்டம் தொடரும் என்று குட்டிக்குப் புரிந்த நாளிலிருந்து தீனி தேவைப்படாது. செருப்பு, மாத்திரை அட்டை, கோழி எலும்பு எதை வாயில் கவ்வியிருந்தாலும் இதே 'விடு' உதவும். வீட்டில் ஒருவர் 'விடு', ஒருவர் 'போடு', ஒருவர் 'கொடு' என்று சொல்லிக் குழப்பாதீர்கள். பல் விழும் வயது என்பதால் மென்மையான துணிக் கயிறாக இருக்கட்டும். தரைக்கு இணையாக இழுங்கள். மேல்நோக்கித் தூக்குவது கழுத்துக்குக் கேடு. மாமனாரையே இந்த 'விடு' பயிற்சிக்குப் பொறுப்பாக்கிவிட்டால் என்ன?

பொம்மை வாங்கும்போது கடைக்காரர் சொல்வதைவிட உங்கள் கட்டைவிரல் நகத்தை நம்புங்கள். நகத்தால் அழுத்தினால் சற்றாவது பதியவேண்டும். பதியாத கடினப் பொருளை, அதாவது மாட்டுக் குளம்பு, மான்கொம்பு, பெரிய எலும்பு இவற்றைக் கடித்தால் மேல்வாய்க் கடைவாய்ப்பல் பிளந்துபோகும். பந்து, முழு வாயையும் திறந்தாலும் தொண்டைக்குள் போகாத அளவுக்குப் பெரிதாக இருக்கவேண்டும். டென்னிஸ் பந்தின் மேலுறை பல்லைத் தேய்த்துவிடும். அதைக் கடித்துக்கொண்டு கிடக்க விடவேண்டாம். குச்சி எறிந்து எடுத்துவரச் சொல்வதும் வேண்டாம். தரையில் குத்தி நிற்கும் குச்சி ஓடிவரும் நாயின் தொண்டையைக் கிழித்த காயங்கள் மோசமானவை. மாம்பழக் காலத்தில் கொட்டையை உருட்டி விளையாடக் கொடுப்பது பல வீடுகளில் வழக்கம். லாப்ரடார் அதை அப்படியே விழுங்கும், குடலடைப்பில் முடியும். பழைய செருப்பைக் கொடுத்துவிட்டுப் புதுச் செருப்பைக் கடித்ததற்குத் திட்டாதீர்கள். லேசர் ஒளியைத் துரத்தவைப்பதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். பிடிக்கவே முடியாத ஒன்றைத் தேடித் தேடி, பிறகு சுவரில் விழும் நிழலையெல்லாம் துரத்தும் மனநோயாக அது மாறிவிடலாம். சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்கு ஓட்டமோ துள்ளலோ வேண்டாம். மார்பு அகன்ற பெரிய நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

தெருநாய்கள். பார்வோ, டிஸ்டெம்பர் என்ற கொடிய வைரஸ் நோய்களுக்கான தடுப்பூசிகள் நான்கு மாதவாக்கில் முடிந்திருக்கவேண்டும். முடிந்திருந்தாலும் முகம் தெரியாத கூட்டத்தில் அவிழ்த்துவிட நான் சொல்லமாட்டேன். அதே சமயம், தெருமுனையில் படுத்திருக்கும், கருத்தடை செய்து தடுப்பூசி போட்டதற்கு அடையாளமாகக் காதில் வெட்டுள்ள நிதானமான நாய் ஒன்று எல்லாத் தெருவிலும் இருக்கும். விலை கொடுத்து வாங்கிய பல நாய்களைவிட அதற்கு நாகரிகம் தெரியும். அப்படி ஒன்றோ, நண்பர் வீட்டில் வளர்ந்த சாதுவான நாயோ கிடைத்தால் குட்டிக்கு நல்ல ஆசிரியர் கிடைத்த மாதிரிதான். முன்னங்கால்களைத் தாழ்த்திப் பின்புறத்தைத் தூக்கி நிற்பது 'இது விளையாட்டுதான்' என்ற அறிவிப்பு. மார்க் பெக்காஃப் என்ற விலங்கு நடத்தை அறிஞர் கவனித்ததுபோல, கடிப்பது மாதிரியான தவறாகப் புரிந்துகொள்ளக்கூடிய அசைவுகளுக்குச் சற்று முன்னும் பின்னும் நாய்கள் இதைச் செய்கின்றன. துரத்துகிறவரும் ஓடுகிறவரும் மாறிக்கொள்ள வேண்டும். பெரியது சிறியதற்காகத் தானே மல்லாந்து விழவேண்டும். இடையிடையே நின்று உடம்பை உதறிக்கொள்ள வேண்டும். இவை இருந்தால் உறுமலைக் கண்டு கவலைப்படாதீர்கள். ஒன்று எப்போதும் கீழே, மற்றது எப்போதும் மேலே என்றால் மேலே இருப்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். கீழே இருந்தது திரும்ப வந்து வம்புக்கு இழுத்தால் தொடரலாம்; நழுவிப் போனால் ஆட்டம் முடிந்தது. வீடு திரும்பியதும் காது, விரலிடுக்கு, அக்குளில் உண்ணி பாருங்கள்.

குட்டி பொம்மைமேல் கவிழ்ந்து, உடம்பு விறைத்து, கண்ணின் வெள்ளை தெரிய ஓரப்பார்வை பார்த்தால் அது விளையாட்டு அல்ல, பிடுங்காமல் விலகுங்கள். படுத்து எழுந்ததும் நொண்டினால், நேற்றுவரை விளையாடிய குட்டி திடீரென்று ஒதுங்கினால், வருடியதற்கே கடித்தால் எங்காவது வலி இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது அது வீட்டில் நடப்பதையும் விளையாடுவதையும் செல்போனில் எடுத்த வீடியோவைக் கொண்டுபோங்கள். மருத்துவமனைக்குள் நுழைந்ததும் பல நாய்கள் பயத்தில் நொண்டலை மறைத்துவிடுகின்றன.